மெத்தில் ஆரஞ்சு இல்லாத திங்கட்கிழமை

பிப்ரவரி 5, ஞாயிறு

நாளை பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வு தொடங்குகிறது. காலைப் பூசைக்கு வீட்டுக்காரரை மட்டும் அனுப்பிவிட்டு நான் பள்ளிக்கூடம் போனேன். இருபத்திரண்டு வருடமாக இதே வேலைதான். இருந்தும் பிப்ரவரி வந்தால் ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இருப்புக் கொள்வதில்லை.

சண்முகக்கனி அக்கா எனக்கு முன்பே வந்து பியூரெட்டுகளைக் கழுவி வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கு முன்பே வந்தவள். பதவி என்னவோ ஆய்வக உதவியாளர்தான். ஆய்வகமே தன்னுடையது என்பது அவள் எண்ணம். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை, கழுவும் வேலை மிச்சம்.

நாளைய பேட்சுக்குக் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடு எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் கணக்கு. இரண்டு கட்டம். முதலில் சோடியம் கார்பனேட்டில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம் பார்க்க வேண்டும். அதற்கு மெத்தில் ஆரஞ்சு. மஞ்சள் இளஞ்சிவப்பாகத் திரும்பும் இடத்தில் நிறுத்த வேண்டும். அடுத்தது சோடியம் ஹைட்ராக்சைடு. அதற்கு பினாப்தலின், ரோஸ் நிறம் மறையும் இடத்தில் நிறுத்த வேண்டும். எதற்கு எந்த நிறங்காட்டி என்பதை இந்தப் பிள்ளைகள் மண்டையில் ஏற்ற ஒரு வருடம் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன்.

முதல் கட்டத்தை நானே மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் 20.2 மில்லி. கடைசி முறைக்கு மெத்தில் ஆரஞ்சு புட்டியைக் கவிழ்த்து உதற வேண்டியிருந்தது. அலமாரியில் பொடி டப்பா இருக்கிறது, காலையில் ஒரு சிட்டிகை கரைத்தால் போதும்.

நாளை பிரேயர் முடிந்து பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது கனியக்கா ஒவ்வொருத்தி காதிலும் "இருபது புள்ளி ரெண்டு" என்று சொல்லிக்கொண்டே போவாள். பிள்ளைகள் தங்கள் பியூரெட்டில் என்ன வந்தாலும் அதைத்தான் எழுதுவார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் இதைக் காப்பி என்று சொல்வதில்லை. பரீட்சைப் பயத்தில் கை நடுங்கும், அதற்கு ஒரு உதவி, அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூடவே கூடாது என்று குதித்தவள் நான். இப்போது பியூரெட் கழுவுவது போல இதுவும் ஒரு வேலை.

வரும் வழியில் வெளியூர்த் தேர்வாளருக்கு ஒரு பெட்டி முந்திரி மக்ரூன் வாங்கி வந்தேன்.

பிப்ரவரி 6, திங்கள்

எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

தேர்வாளர் ஆதிநாராயணன் சார். கண்டிப்பானவர் என்று கேள்விப்பட்டிருந்தேன், அப்படியொன்றும் கடித்துவிடவில்லை. முன்மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு வாய்மொழிக் கேள்வி கேட்டார். மதியம் சீலா மீன் குழம்பும் வறுவலும். ருசித்துச் சாப்பிட்டார். சாப்பாட்டுக்கு முன்பே தாள்களைத் திருத்தி முடித்துவிட்டோம்.

இருபத்தைந்து பேரில் இருபத்து நான்கு பேருக்கு ஐம்பதுக்கு ஐம்பது. இசக்கியம்மாளுக்கு மட்டும் முப்பத்தாறு. ரீடிங் தப்பு. வகுப்பிலேயே முதலாவதாக வருகிற பிள்ளை, அவசரப்பட்டிருப்பாள். நான் என்ன செய்ய முடியும்?

தலை வலிக்கிறது.

பிப்ரவரி 7, செவ்வாய்

கனியக்கா நேற்று சாயங்காலமே ஆண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய் மெத்தில் ஆரஞ்சு கேட்டு வாங்கி வந்துவிட்டாள். இன்றைய பேட்சுக்கு ஒரு குறையும் இல்லை.

மாலையில் மாடிப்படியில் இசக்கியம்மாள் நின்றிருந்தாள். நான் வரும்வரை நின்றிருக்கிறாள்.

"மிஸ், ஒரு சந்தேகம்."

"பரீட்ச முடிஞ்ச பெறவு என்னம்மா சந்தேகம்?"

"கார்பனேட்டுக்கு பினாப்தலின் போட்டா பாதிதான மிஸ் வரும்? பாதி வழியில பைகார்பனேட் ஆன ஒடனே ரோஸ் போயிரும்னு நீங்கதான சொல்லித் தந்திய. எனக்கு பத்து புள்ளி ஒன்னு வந்துச்சு. மூணு வாட்டியும் அதான் வந்துச்சு."

"கனியக்கா சொன்னது ஒனக்குக் கேக்கலயா?"

"கேட்டுச்சு மிஸ். ஆனா எனக்கு அது வரலியே."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "அவசரத்துல தப்பாப் பாத்திருப்ப. பியூரெட்ட எப்படிப் படிக்கணும்னே ஒனக்கு இன்னும் தெரியல" என்றேன். "சரி மிஸ்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

பியூரெட்டை இந்த வகுப்பில் சரியாகப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். ஜூலையில் நானே அவளை முன்னால் கூப்பிட்டு மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொன்னேன்.

பிப்ரவரி 8, புதன்

இன்று எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும் முறை. அண்டா, குடம், பாட்டில் எல்லாம் பிடித்து முடிக்கவே எட்டாகிவிட்டது. திங்கட்கிழமையைப் பற்றி எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

அன்று அலமாரியில் மெத்தில் ஆரஞ்சு டப்பா இல்லை. காலை எட்டரை மணி. ஜனவரியில் அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுபோன சாமான்களோடு போய், திரும்பி வரவில்லை. எல்லாம் திரும்பி வந்தது என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருப்பது நான். எண்ணிப் பார்க்காமல் போட்ட கையெழுத்து.

வழி இல்லாமல் இல்லை. கனியக்காவை ஆண்கள் பள்ளிக்கு அனுப்பி அரைமணி நேரம் தாமதமாகத் தொடங்கியிருக்கலாம். அல்லது கரைசலைக் கொதிக்க வைத்துக் கொதிக்க வைத்துத் தரம் பார்த்தால் பினாப்தலினே போதும், முழு அளவும் வரும். அல்லது, பினாப்தலின் போட்டு வருகிற பாதியை இரண்டால் பெருக்கச் சொல்லியிருக்கலாம். மூன்றுமே தெரியும் எனக்கு. ஆனால் மூன்றுக்குமே தேர்வாளரிடம் போய், "சார், மெத்தில் ஆரஞ்சு இல்லை" என்று சொல்ல வேண்டும். அவர் ஹெச்.எம். அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "எமல்டா மிஸ் லேபு மாவட்டத்துலயே ஒழுங்கான லேபு" என்று ஹெச்.எம். அம்மா அவரிடம் சொல்வது வெளியே வரை கேட்டது. வாசலோடு நின்றுவிட்டேன்.

ஆய்வகத்துக்குத் திரும்பி வந்து பிள்ளைகளிடம் தணிந்த குரலில் சொன்னேன்: "ரெண்டுக்கும் பினாப்தலினே போட்டுக்கோங்க. பேப்பர்ல மெத்தில் ஆரஞ்சுன்னு எழுதிருங்க. ரீடிங்தான் தெரியும்லா."

எப்படியும் சொல்லிக்கொடுத்ததைத்தானே எழுதப் போகிறார்கள், எந்த நிறங்காட்டி இருந்தால் என்ன என்று நினைத்தேன். வேதியியல் ஆசிரியை நினைத்தாள் இதை. இருபத்து நான்கு பேர், அறையில் ஒரு சொட்டுக்கூட இல்லாத மெத்தில் ஆரஞ்சு மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்பாக மாறியதாக எழுதினார்கள். 20.2 என்று எழுதினார்கள். முழு மதிப்பெண். ஒருத்தி மட்டும் தன் கண்ணில் பட்டதை எழுதினாள்.

வெட்கமாக இருக்கிறது. வேறு பெரிய வார்த்தை தேடிப் பார்த்தேன், இதுதான் சரியாக இருக்கிறது.

பிப்ரவரி 9, வியாழன்

மதிப்பெண் பட்டியல் நாளைதான் உறையில் ஒட்டப்படும். அதுவரை திருத்தலாம், உள் தேர்வாளரான நானும் வெளித் தேர்வாளரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் போதும். ஆதிநாராயணன் சார் இன்றும் பக்கத்துப் பள்ளியில்தான் இருக்கிறார். மதியம் அவருக்குப் போன் செய்தேன்.

"சொல்லுங்க மேடம்."

"ஒண்ணுமில்ல சார். மக்ரூன் ஒடையாம வந்து சேந்துச்சான்னு கேக்கத்தான்."

"நல்லா வந்திச்சு மேடம். பேத்தியே தின்னு தீத்துட்டா."

சிரித்தோம். வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 10, வெள்ளி

உறை ஒட்டியாயிற்று. அரக்கு முத்திரையும் வைத்தாயிற்று. கையெழுத்து வழக்கம்போல் அழகாக வந்திருக்கிறது.

பிப்ரவரி 22, திருநீற்றுப் புதன்

நெற்றியில் சாம்பலோடு வரிசையில் நின்று பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவரிடம் எரிந்து விழுந்தது, ஞாயிறு பூசையைத் தவறவிட்டது, மாமியாரைப் பற்றிப் புறம் பேசியது. எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். சாமியார் மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். வீட்டுக்கு வந்து ஆறு சொன்னேன். மிச்சம் மூன்று எதற்கு என்று சாமியாருக்குத் தெரியாது.

மார்ச் 19, திங்கள்

இன்று வேதியியல் எழுத்துத் தேர்வு. முடிந்ததும் பிள்ளைகள் ஓடிவந்து வினாத்தாளைக் காட்டி, "இது சரிதான மிஸ், அது சரிதான மிஸ்" என்று மொய்த்தார்கள். இசக்கியம்மாள் தூரத்தில் நின்று வணக்கம் சொன்னாள். வினாத்தாளைக் காட்டவில்லை.

ஏப்ரல் 17, செவ்வாய்

விடைத்தாள் திருத்தும் மையம். மின்விசிறி சூட்டைத்தான் சுற்றி அனுப்புகிறது. எந்தப் பள்ளிப் பிள்ளையோ, நிறங்காட்டிகளைத் தேர்ந்தெடுப்பது பற்றிய கேள்விக்குப் பாதி சரியாக எழுதியிருந்தது. மூன்று போட்டேன், பிறகு நான்காக்கினேன். மேற்பார்வையாளர், "எமல்டா மேடம் இந்த வருசம் தாராளம்" என்று கிண்டலடித்தார்.

யாரோ ஒரு பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் கூடக் கொடுத்தால் இசக்கியம்மாள் கணக்கில் வரவாகிவிடுமா? என் புத்தி இப்படியெல்லாம் போகிறது.

மே 22, செவ்வாய்

ரிசல்ட். பள்ளி நூறு சதவீதம். ஹெச்.எம். அம்மா எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள்.

இசக்கியம்மாள் வேதியியல்: எழுத்துத் தேர்வு 148, செய்முறை 36, மொத்தம் 184. உயிரியலில் 199, இயற்பியலில் 195. பட்டியலில் அந்த 36 மட்டும் தனியாகத் தெரிகிறது. மற்ற எல்லோருக்கும் 50.

அவள் அம்மா உப்பளத்திலிருந்து நேரே வந்திருந்தாள். பாதத்தில் உப்பு பூத்திருந்தது. வாசலில் தயங்கி நின்று கேட்டாள்: "மிஸ், பிள்ள மாட்டாசுபத்திரி டாக்டருக்குப் படிக்கணும்னு நிக்கி. கெடச்சிருமா?"

மூன்று வருடத்துக்கு முன் ஒரே வாரத்தில் அவர்கள் வீட்டு ஆடுகள் எட்டும் செத்துப்போயின. பார்க்க ஆள் இல்லை. அப்போதிருந்தே அவளுக்குக் கால்நடை மருத்துவம்தான். ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை நோட்டிலேயே எழுதியிருக்கிறாள் என்று தமிழ் மிஸ் சொல்வாள்.

"கெடைக்கும்மா" என்றேன். பதினான்கு மதிப்பெண் போயிருக்கிறது. தர வரிசைக்கு வேதியியலை நான்கால் வகுப்பார்கள், மூன்றரை. அரைக்கும் காலுக்கும் அடித்துக்கொள்கிற இடத்தில் மூன்றரை.

ஜூன் 12, செவ்வாய்

கனியக்கா மகளுக்குப் பேறுகாலம். இரண்டு மாதம் விடுப்பு. அந்த இடத்துக்குத் தற்காலிகமாக இசக்கியம்மாளைப் போடலாம் என்று நான்தான் சொன்னேன். கவுன்சிலிங் வரை சும்மாதானே இருக்கிறாள், வெயிலில் உப்பு வாருவதற்கு இது மேல்.

ஹெச்.எம். அம்மா ஆசிரியைகள் எல்லோர் முன்னாலும், "எமல்டாவுக்கு எவ்வளவு பெரிய மனசு பாத்தியளா" என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது.

ஜூன் 20, புதன்

புட்டிகளுக்கெல்லாம் புது லேபிள் ஒட்டியிருக்கிறாள். கரைத்த தேதி, எவ்வளவு மீதி இருக்கிறது என்பதற்குப் பென்சில் கோடு, எல்லாம் இருக்கிறது. மெத்தில் ஆரஞ்சு மட்டும் மூன்று புட்டி. எதற்கு மூன்று என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 9, திங்கள்

கால்நடை மருத்துவம் கிடைக்கவில்லை. அவள் பிரிவில் அவளைவிட ஒன்றேகால் மதிப்பெண் கூட வாங்கியவளோடு இடம் முடிந்துவிட்டது.

மூன்றரையில் ஒன்றேகால் போனாலும் இரண்டேகால் மிச்சம் இருந்திருக்கும். இதை எத்தனை முறை கழித்துப் பார்த்தாலும் அப்படியேதான் வருகிறது.

இன்றும் நேரத்துக்கு வந்தாள், பிப்பெட்டுகளைக் கழுவினாள். "அடுத்த வருசம் பாக்கலாம்மா" என்றேன். "அடுத்த வருசமும் மார்க்கு இதானே மிஸ்" என்றாள், பிப்பெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே.

ஜூலை 12, வியாழன்

நாளை மறுநாள் புதுப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு முதல் செய்முறை வகுப்பு. அதே சோடியம் ஹைட்ராக்சைடு கணக்கு. கரைசல்களை அவளே தயாரித்து, தரம் பார்த்து, துண்டுத்தாளில் அளவை எழுதிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"மிஸ், கனியக்கா போன்ல சொன்னா, மொத வகுப்புலேருந்தே ரீடிங்க சொல்லிப் பழக்கணுமாம். எந்த ரீடிங்க சொல்லணும் மிஸ்? வாரதயா, நீங்க சொல்லுததயா?"

குத்திக் கேட்டாளா, வேலை என்ன என்று கேட்டாளா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. "ஒண்ணுஞ் சொல்லாண்டாம்" என்றேன். "எப்பவுமே சொல்லாண்டாம்." "சரி மிஸ்" என்று துண்டுத்தாளைக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

சாயங்காலம் உட்கார்ந்து தேர்வுத் துறைக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிப்ரவரி ஆறாம் தேதி மெத்தில் ஆரஞ்சு இருப்பில் இல்லை, என் கவனக்குறைவு, கார்பனேட்டுக்கு பினாப்தலினைக் கொடுத்தது நான், அதனால் ஒரு மாணவியின் அளவு பாதியாக வந்து மதிப்பெண் குறைந்தது, முழுப் பொறுப்பும் என்னுடையது. ஒன்றரைப் பக்கம். எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. அவருக்குக்கூட இரண்டு தோசை கூடச் சுட்டேன்.

ஜூலை 13, வெள்ளி

கடிதத்தை முதலில் அவளிடம் கொடுத்தேன். கையைத் துடைத்துவிட்டு, தொட்டிப் பக்கத்தில் நின்றபடியே படித்தாள். அழுவாள், அல்லது நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. என் முகத்தில் அதற்கான தயார்நிலைகூட இருந்திருக்கும். நினைத்தால் கூசுகிறது.

"இதுல ஒன்னு விட்டுப்போச்சு மிஸ்."

"என்ன?"

"நான் எழுதுன வரி."

இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அந்த வரி இதிலும் இல்லை. பிப்ரவரி ஏழாம் தேதி மாடிப்படியில் அவள் கேட்டதில் முன்பாதியை மட்டும்தான் எழுதியிருக்கிறேன். அதன் பிறகு அவள் கேட்டது இது: "அதான் மிஸ், பேப்பர்லயே அடியில எழுதிட்டேன். சார் அதப் பாப்பாங்கல்லா?"

எழுதியிருந்தாள். அட்டவணைக்குக் கீழே, அடிக்கோடிட்டு: "மெத்தில் ஆரஞ்சு தரப்படவில்லை. பினாப்தலின் பயன்படுத்தியதால் இது பாதி அளவு. கணக்கிற்கு இரண்டால் பெருக்கப்பட்டுள்ளது." அப்படியே பெருக்கிக் கணக்குப் போட்டு, விடையும் சரியாக வந்திருந்தது. மூன்று வழிகள் எனக்குத் தெரியும் என்று எழுதினேனே, அதில் மூன்றாவதை யாரும் சொல்லாமல் அவளே செய்திருந்தாள்.

"சார் அதப் பாக்காம விட்டுட்டாங்க போல மிஸ். அவசரமா திருத்துனாங்கன்னு பிள்ளைய சொன்னாளுவ. அதயும் லெட்டர்ல எழுதுனா நல்லது."

சரி என்று சொல்லியிருக்கலாம். அவர் பார்க்கவில்லை என்று அவளே ஒரு கதவைத் திறந்துவிட்டாள், நான் அதன் வழியே தப்பித்துப் போயிருக்கலாம். ஐந்து மாதமாக எல்லாக் கதவு வழியாகவும் போய்க்கொண்டுதான் இருந்தேன். இன்று ஏனோ முடியவில்லை. உட்கார் என்றேன், உட்காரவில்லை. நின்றவளிடமே சொன்னேன்.

அவர் பார்த்தார். வரியில் பேனாவை வைத்து, "இது என்ன மேடம்? இந்தப் பிள்ள மெத்தில் ஆரஞ்சு தரலன்னு எழுதியிருக்கு" என்று என்னைக் கேட்டார். அந்த ஒரு வரி உண்மை என்றால் மற்ற இருபத்து நான்கு தாளும் பொய். என் ஆய்வகம் பொய், நான் பொய். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "தப்பா செஞ்சிட்டு சமாளிச்சு எழுதியிருக்கு சார். ரீடிங் பாதி, விட மட்டும் சரின்னா எப்படி? பக்கத்துப் பிள்ளயப் பாத்து விடய மட்டும் எழுதியிருக்கும்."

அவர் வரியின் குறுக்கே சிவப்பில் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கணக்குக்கான இருபதில், செய்முறையை எழுதியதற்கு மட்டும் ஆறு போட்டார். பிறகு சாப்பிடப் போனோம்.

இதைச் சொல்லும்போது நான் அவளைப் பார்க்கவில்லை, மெத்தில் ஆரஞ்சு புட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் போய் அதை இறுக்கி மூடிவிட்டு வந்தாள்.

"என்னையவா மிஸ்?" என்றாள். "நான் பாத்து எழுதுனேன்னா சொன்னிய?"

"ஆமா."

"என்னைய."

"ஆமாம்மா."

அந்த அறையில் பார்த்து எழுதாதவள் அவள் ஒருத்தி. சீட்டு போனது பற்றி ஜூலை ஒன்பதாம் தேதி ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், இதற்கு அழுதாள். முந்தானை இல்லை, சுடிதார் துப்பட்டாவை ஆசிட் படும் என்று கழற்றி மாட்டியிருந்தாள். புறங்கையால் துடைத்துக்கொண்டாள். நான் எழுந்து பக்கத்தில் போனேன். "தொடாதிய மிஸ்" என்றாள்.

கையை இழுத்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிரும்மா" என்றேன்.

"அதெல்லாம் எனக்கு இப்பம் தெரியல மிஸ். நீங்க அந்த லெட்டர முழுசா எழுதுங்க. அவளுவ இருவத்திநாலு பேரு பேர மட்டும் எழுதாதிய. நீங்க சொல்லித்தான எழுதுனாளுவ."

பெயர் எழுதாவிட்டாலும் கணக்குத் தெரிந்தவர் எவரும் கண்டுபிடித்துவிடுவார். அதை அவளிடம் சொன்னேன். "அப்பம் ரீடிங் சொன்னது நீங்கதான்னு பெருசா எழுதுங்க" என்றாள்.

ஜூலை 14, சனி

காலையில் ஹெச்.எம். அம்மாவிடம் கடிதத்தின் நகலைக் கொடுத்தேன். படிக்கப் படிக்க அவர்கள் முகம் வெளுத்தது.

"எமல்டா, ஒனக்கு என்ன கிறுக்கா? இன்னும் எட்டு வருசம் சர்வீஸ் இருக்கு. இத அனுப்புனா அந்தப் பிள்ளைக்கு சீட்டு வந்துருமா?"

"வராதும்மா."

"பெறவு?"

"பாத்து எழுதுனான்னு அவ மேல நான் போட்ட பழி அந்தப் பேப்பர்ல இருக்கக் கூடாது."

ஸ்கூல் பேர் என்ன ஆகும், என்னைச் சஸ்பெண்ட் செய்தால் யார் பாடம் நடத்துவது, மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் சும்மா விடுவார்களா என்று வரிசையாகக் கேட்டார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள். நகலை அவர்கள் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். பயமாகத்தான் இருக்கிறது. வீட்டில் அவரிடம் இன்னும் சொல்லவில்லை, இனித்தான் சொல்ல வேண்டும்.

பத்து மணிக்குச் செய்முறை வகுப்பு. புதுப் பிள்ளைகளில் ஒருத்தி இரண்டாவது சொட்டிலேயே, "மிஸ், ரீடிங் எவ்வளவு வரும்?" என்று கேட்டாள். போன வருடத்து அக்காமார் சொல்லிவைத்திருக்கிறார்கள். "வரும்போது பாரு" என்றேன். 19.7 முதல் 21 வரை ஆளுக்கு ஒன்று வந்தது. எல்லாவற்றிலும் அப்படியே கையெழுத்துப் போட்டேன்.

வகுப்பு முடிந்ததும் கடிதத்தை இசக்கியம்மாளிடம் கொடுத்தேன். மூன்றரைப் பக்கம். தன்னுடைய வரி அவள் எழுதியபடியே எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தாள். தேர்வாளரிடம் நான் சொன்னதை இரண்டு முறை படித்தாள். "பத்து புள்ளி ஒன்னுன்னு போட்டிருக்கிய. மூணு வாட்டியும் அதே வந்துச்சுன்னு போடல" என்றாள். ஓரத்தில் எழுதிச் சேர்த்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

தபால் நிலையத்துக்குக் கூடவே வந்தாள். பதிவுத் தபால் சன்னலில் நான் உறையை நீட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்தர் எடை போட்டு, முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

"அத எங்கிட்ட தாங்க மிஸ்" என்றாள்.

கொடுத்தேன். முகவரியையும் தேதியையும் குனிந்து சரிபார்த்தாள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு. பிறகு நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ் ஏறிப் போனாள்.